சட்டை போட்ட சுவர்

தாக்ஸ்வெல் ஹாலின் தெற்கு முகப்புக்குத் தொப்பை விழுந்திருந்தது. வாசற்கதவுக்கு மேலே, மாடி ஜன்னல்களுக்கு நடுவே, செங்கல் சுவர் நாலரை அங்குலம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. யுத்தத்துக்கு முன்னால் அது இரண்டு அங்குலம்தான். யுத்தத்தில் ராணுவம் வீட்டை எடுத்துக்கொண்டு லாரிகளை வாசல்வரை ஓட்டியது. அதற்கப்புறம் பழுதுபார்க்க ஆளில்லாமல் ஆறு மழைக்காலம் போயிற்று. அந்தச் சுவருக்கு அடியில்தான் ஊர்ஜனம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற பாதை இருந்தது.

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மாவட்டக் கட்டட அதிகாரி லெகட் வந்து பாதையில் கயிறு கட்டினார். கதவில் ஒரு காகிதத்தை ஆணியடித்தார். பதினோரு நாளில் அபாயத்தை நீக்க வேண்டும், இல்லையென்றால் கட்டடத்தை இடிக்க வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீதிபதி முன்னால் விசாரணை. வீட்டுக்காரி ஹெஸ்டர் கெரிட்ஜ் கோழித்தீனி வாளியோடு வந்து, வாளியைக் கீழே வைக்காமலேயே அதைப் படித்தாள்.

ஹெஸ்டருக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது அறை வீட்டில் மூன்று அறையில் குடியிருந்தாள், நடன அறையில் உருளைக்கிழங்கு காயவைத்தாள். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம். அப்பா செத்தபோது இந்த வீட்டை மகனுக்கு விடாமல் மகளுக்கு எழுதி வைத்ததற்கு அதுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள்.

"முட்டுக் கொடுத்து நிறுத்த முடியாதா, மிஸ்டர் லெகட்?"

"எங்கன்னு முட்டுக் கொடுக்கிறது? இது ஒரே சுவர், மிஸ் கெரிட்ஜ். வெளியில தொப்பைன்னா உள்ளயும் தொப்பைதான். கூரை முழுக்க இது மேலதான் உக்காந்திருக்கு. இது போனா எல்லாம் போகும்."

"ஒரே சுவர்னு யாரு சொன்னா?"

லெகட் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கி, கதவுக்கு மேலே இருந்த வெள்ளைக் கல்லைக் காட்டினார். "உங்க வீட்டுக் கல்லே சொல்லுதே."

கல் சொல்லத்தான் செய்தது. 'பழைய வீட்டை அஸ்திவாரம்வரை அகற்றி, இம்மாளிகையை அடியிலிருந்து எழுப்பினேன். ஜோசையா கெரிட்ஜ், 1738.' ஜூன் மாதம் ஜோசையாவின் பிறந்தநாளில் கெரிட்ஜ் குடும்பம் முழுவதும் புல்வெளியில் நிற்கும். குடும்பத்தில் மூத்த ஆண் அந்தக் கல்லை உரக்கப் படிப்பார். எல்லோரும் கோப்பையை உயர்த்துவார்கள். இருநூறு வருஷமாக நடக்கிற பூசை அது. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு செய்வார்கள்.

லெகட் கெட்டவர் இல்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் சொன்னார். தெற்குப் பக்கத்து அறைகள் எதிலும் இனிமேல் உட்காரக்கூடாது, சாப்பாட்டு அறை உட்பட என்று சொல்லிவிட்டு, தன் சின்னக் காரில் ஏறிப் போனார்.

அவர் கார் வளைவு திரும்பியதும் ஹெஸ்டர் நேராகச் சாப்பாட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். உட்காரக்கூடாது என்று சொன்னதால்தான் உட்கார்ந்தாள். அப்போதுதான் ஜன்னல் கண்ணில் பட்டது. அந்த ஜன்னலின் உள்திண்டு அவள் சின்ன வயதில் படுத்துப் படிக்கிற அளவுக்கு அகலம். தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்து, கண்ணாடிக்கு வெளியே இருந்தும் உள்ளே இருந்தும் அளந்து கூட்டினாள். சுவரின் கனம் முப்பத்தெட்டு அங்குலம். வடக்குப் பக்கம் போய் அளந்தாள். இருபத்தேழு. ஒரே மனிதன் ஒரே வருஷத்தில் கட்டிய வீட்டில் ஒரு பக்கம் மட்டும் பதினோரு அங்குலம் ஏன் தடிக்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

மாடிக்கும் மேலே ஏறி, கூரைக் கதவைத் திறந்து, முகப்பின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஓடும் ஈயத் தகடு போட்ட மழைநீர் வாய்க்காலில் இறங்கினாள். வேலையாட்கள் போன பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த வாய்க்காலை வழிப்பது அவள்தான். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்ற கூரைமுக்கோணச் சுவரை ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். பார்த்ததே ஒழிய கவனித்ததில்லை. இன்று கவனித்தாள். செங்கல் இரண்டே அங்குல உயரம். வாசலில் இருந்தவை போல இரண்டரை இல்லை. அந்த மெல்லிய கற்களுக்கு நடுவே சூளையில் கருகிய கற்களை வைத்து, கறுப்பாக, கட்டம் கட்டமாக வைர வடிவம் போட்டிருந்தது.

வைர வடிவம் போடுவது ஊர் பார்ப்பதற்கு. வாய்க்கால் தண்ணீருக்கு யாரும் கோலம் போடுவதில்லை. அப்படியானால் இந்தச் சுவரை ஒரு காலத்தில் ஊர் பார்த்திருக்கிறது. இதுதான் அப்போது முகப்பு. ஜோசையா பழைய வீட்டை அகற்றவே இல்லை. அதற்கு முன்னால் புது மோஸ்தரில் ஒரு சிவப்புச் சட்டையைத் தைத்துப் போட்டுவிட்டு, முழு வீட்டையும் கட்டினதாகக் கல்லில் வெட்டி வைத்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் முழு வீட்டை மறைத்தவன்.

ஹெஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏமஸ் லார்ட்டர் வீட்டுக்குப் போனாள். ஏமஸ் கொத்தனார். அவள் வயதுதான், இரண்டு பேரும் ஒரே குளத்தில் தவளை பிடித்தவர்கள். அவன் முற்றத்தில் சுண்ணாம்புக் குழியைக் கிளறிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடித்த பிறகும் கிளறுவதை நிறுத்தவில்லை.

"ஆமா, சட்டைதான்" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"எங்கப்பாவுக்குத் தெரியும். அவருக்கு அவங்கப்பா சொன்னது. அந்தச் சுவர்ல கரண்டி வச்சவன் எல்லாருக்கும் தெரியும் மிஸ். ஒரு கல்லை உருவினா பின்னால பழசு கறுப்பா முழிச்சுப் பாக்கும்."

"இருநூறு வருஷமா தெரிஞ்சும் ஒருத்தன்கூட வாயைத் திறக்கலையா?"

"யாரும் கேக்கலையே. நீங்க எல்லாரும் வருஷா வருஷம் குடையப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கல்லைப் படிக்கிறீங்க. நாங்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாப்போம். எங்கம்மா சிரிப்பை அடக்க முடியாம ஏப்ரன் நுனியை வாயில திணிச்சுக்கும். துரை வீட்டுப் பெரியவர் போட்டிருக்கிறது இரவல் கோட்டுன்னு அவர்கிட்டயே போயி எவன் சொல்லுவான்?"

ஹெஸ்டருக்குக் காது சூடேறியது. ஐம்பது வருஷம் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு அந்தப் புல்வெளியில் விறைப்பாக நின்றவள் அவளும்தான். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

"சட்டை மட்டும் ஏன் தொப்பை போடுது?"

ஏமஸ் கிளறிக்கொண்டே, முற்றத்தில் கிடந்த ஒரு செங்கல்லைக் காலால் காட்டினான். "நாலு கல்லுக்கு ஒரு கல்லாவது குறுக்கே திரும்பி பின்சுவருக்குள்ள நுழையணும். அதுதான் பிடி. இங்க பழைய கல்லு ரெண்டங்குலம், புதுக் கல்லு ரெண்டரை. வரிசை எங்கயும் சேராது. கை வலிக்க வெட்டி நுழைக்கணும். ஜோசையாவோட ஆளுங்க என்ன பண்ணாங்க, குறுக்குக் கல்லைப் பாதியா உடைச்சு முகத்துல மட்டும் ஒட்டிட்டாங்க. பாக்கிறதுக்குப் பிணைச்ச மாதிரி இருக்கும், உள்ள ஒண்ணுமே பிடிக்கல. இருநூறு வருஷம் நின்னதே பெருசு."

"அப்போ சட்டையைக் கழட்டிட்டா?"

"வீடு நிக்கும். நிக்கணும்."

"நிக்குமா, நிக்கணுமா?"

ஏமஸ் கிளறுவதை இப்போதுதான் நிறுத்தினான். "சட்டை போடறப்போ பழைய சுவரை அறுத்துப் புது ஜன்னல் வச்சிருக்கான் பாருங்க, அதுக்கு மேல உத்திரக்கட்டை என்ன போட்டான்னு எனக்குத் தெரியாது. ஓக்கு மரம்னா கவலையில்ல. வேற ஏதாவதுன்னா, சட்டை இப்போ அதுக்கும் சேர்த்துத்தான் தாங்கிக்கிட்டு இருக்கும்."

"எப்போ ஆரம்பிக்கலாம்?"

"யோசிக்க வேணாமா மிஸ்?"

"யோசிச்சுத்தான் சைக்கிள்ல வந்தேன்."

காகிதத்தில் இருந்த வாசகம் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அபாயத்தை நீக்க வேண்டும், அல்லது இடிக்க வேண்டும். அபாயம் சட்டைதான். அதை அவளே நீக்குவாள். லெகட்டுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர், சுவரில் சாயாமல் தனியாக நிற்கிற சாரம் கட்ட வேண்டும், உச்சியிலிருந்துதான் இறக்க வேண்டும், விசாரணைக்கு முந்தின நாள் நான் வந்து தூக்குக்குண்டு போட்டுப் பார்ப்பேன், பின்சுவர் அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் எழுதிக் கொடுக்க 'இடிக்க வேண்டும்' என்பதைத் தவிர வேறு வார்த்தை என்னிடம் இல்லை என்றார்.

புதன்கிழமை அவள் தம்பி ரூபர்ட் லண்டனிலிருந்து வந்து இறங்கினான். வங்கியில் பெரிய வேலை. நல்ல மனிதன்தான், ஆனால் ஜோசையா விஷயத்தில் மட்டும் பக்தன். அப்பா போன பிறகு கல்லைப் படிக்கிறவன் அவன். சாரத்துக்கான கம்பங்கள் புல்வெளியில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் வந்தான்.

"அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? இந்த மாவட்டத்திலயே அழகான முகப்பு இது. இதைப் பாக்கிறதுக்குன்னே வழிகாட்டிப் புத்தகத்தோட வராங்க ஜனங்க."

"விழப்போகுது ரூபர்ட்."

"விழட்டுமே. வீடு அதோட போகட்டும். கௌரவமாப் போகும். படம் இருக்கு, பேர் இருக்கு. நீ பண்றது என்ன தெரியுமா? பெரிய மனுஷனை நடுத்தெருவில நிறுத்தி துணியை உருவுற. ஜோசையா பொய் சொன்னான்னு மாவட்டம் முழுக்கத் தெரியும். குடும்ப மானம் கப்பலேறிடும்."

"அது கப்பலேறிப் போயி இருநூறு வருஷம் ஆச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நமக்குத்தான் தெரியாது."

"பின்னால இருக்கிறது என்ன? ஏதோ கம்பளி வியாபாரி கட்டின கறுப்புச் சுவர். அதுலயா நீ இருக்கப் போற?"

"நான் அதுலதான் பொறந்தேன். நீயும்தான். முன்னால இருந்த சட்டைக்குள்ள யாருப்பா பொறந்தா?"

ரூபர்ட் நடன அறையில் உருளைக்கிழங்குகளுக்கு நடுவே அரைமணி நேரம் உலாவினான். பிறகு வந்து, கல்லை மட்டும் உடைக்காமல் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டான். ஹெஸ்டர் சம்மதித்தாள். அவன் முகம் அப்போது அப்பாவின் முகம் மாதிரியே இருந்தது; அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏமஸும் நாலு ஆட்களும் உச்சியில் ஆரம்பித்தார்கள். கைப்பிடிச் சுவர் போயிற்று, மேல்வரிசை போயிற்று. கரண்டி நுனியை விட்டு நெம்பினால் கல் கையோடு வந்தது. பின்னால் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஹெஸ்டர் ராணுவக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு கீழே நின்று, வாளியில் இறங்கிய கற்களைச் சுத்தியலால் சாந்து தட்டி அடுக்கினாள். முதல் நாள் ஒவ்வொரு கல்லையும் திருப்பி அதன் நிறத்தைப் பார்த்தாள். மாலை வெயிலில் அந்த முகப்பு சிவக்கிற அழகை இந்த உலகத்தில் அவளைவிட அதிகம் பார்த்தவர்கள் கிடையாது. ஆனாலும் தட்டி அடுக்கினாள். இரண்டாம் நாள் மழை வந்தது. தார்ப்பாய் கட்டிக்கொண்டு தொடர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏமஸ் ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள். அன்று கற்களை அவள் தனியாகவே தட்டினாள். கயிற்றைச் சுற்றிக்கொண்டு சேற்று வயல் வழியே தேவாலயத்துக்குப் போன ஜனம், அவள் பக்கம் திரும்பாமல் நாசூக்காக நடந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் மாடியில் சட்டை கழன்றுவிட்டது. தொப்பைக்குப் பின்னால் அரை ஜாண் இடைவெளியில் இருநூறு வருஷத்துத் தூசியும் குருவிக் கூடுகளும் இருந்தன. அதற்குப் பின்னால் பழைய சுவர், கறுப்பு வைரங்களோடு, யாரையும் லட்சியம் செய்யாமல் நின்றது. எழுத்து வெட்டிய வெள்ளைக் கல் இறங்கியபோது ரூபர்ட் அதைத் தன் காரின் பின்னால் ஏற்றினான். காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அவன் அந்தக் கோலத்திலேயே லண்டனுக்கு ஓட்டிப் போனான்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஏமஸ் சாரத்திலிருந்து கூப்பிட்டான். வாசலுக்கு இடதுபக்கம், சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு மேலே இருந்த உத்திரக்கட்டையில் தன் துளையூசியைச் சொருகிக் காட்டினான். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

"மத்த எல்லாம் ஓக்கு. இது ஒண்ணு மட்டும் பைன் மரம். முழுக்க மக்கிடுச்சு. இந்தச் சட்டைக் கல்லு நாலு வரிசைதான் இப்போ மேல இருக்கிறதைத் தாங்குது மிஸ். இதை எடுத்தா மேல இருக்கிற பழைய சுவர் ஜன்னல் வழியா சாப்பாட்டு மேசைக்கு வந்திடும்."

"எடுக்காம விட்டா?"

"லெகட் நாளைக்கு வந்து பாப்பாரு. 'அபாயம் இருக்கு'ன்னு எழுதுவாரு. தப்பு சொல்ல முடியாது."

மற்ற நாலு பேரும் கீழே இறங்கிவிட்டார்கள். ஒருவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான், சாவு வீட்டில் எடுப்பது மாதிரி. ஹெஸ்டருக்கு அது பிடிக்கவில்லை.

"தொப்பியைப் போடு. யாரும் சாகல" என்றாள். "ஏமஸ், முட்டு வச்சுத் தாங்கினா போதுமா?"

"போதும். ஆனா மரமுட்டு அறுத்துக் கொண்டுவர ரெண்டு நாள் ஆகும்."

"நிலவறையில இரும்பு முட்டு இருக்கு. குண்டு விழுந்தா தலையில இடிஞ்சு விழாம இருக்க ராணுவம் வச்சது. திருகினா உயரும். பதினாறு இருக்கு, நான் எண்ணியிருக்கேன். துருப்பிடிச்சிருக்கும்."

"அதைக் கழட்டினா நிலவறை?"

"நிலவறையில இப்போ குண்டு விழாது. வா."

ஆறு பேரும் சேர்ந்து எட்டு முட்டுகளை மேலே இழுத்து வந்தார்கள். துருவுக்கு மண்ணெண்ணெய் விட்டார்கள். ஏமஸ் உத்திரக்கட்டைக்கு மேலே சுவரில் நாலு துளை போட்டான்; ஒவ்வொரு துளையிலும், அவன் முற்றத்தில் கிடந்த ஒரு பழைய ரயில்பாதைக் கட்டையைக் குறுக்கே நுழைத்து, இரண்டு முனையிலும் முட்டு வைத்தார்கள். உள்பக்க முட்டுகள் சாப்பாட்டு அறைத் தரையிலேயே நின்றன. அங்கே நிற்கக்கூடாது என்று லெகட் சொன்ன அறை அது. ஏமஸ் ஹெஸ்டரை வெளியே போகச் சொன்னான்.

"நீ வெளிய போறியா?"

"நான் கொத்தனாரு."

"நான் வீட்டுக்காரி. திருகு."

திருகினார்கள். உயரே எங்கேயோ ஒரு முறை முனகல் கேட்டது. சாந்துப் பொடி அவள் தலையில் கொட்டியது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது; ஆனாலும் கடைசி முட்டைத் தானே திருகினாள். பிறகு ஏமஸ் வெளியே போய், சட்டையின் கடைசி நாலு வரிசைக் கற்களை ஒவ்வொன்றாக உருவினான். மக்கிய கட்டையைத் துண்டு துண்டாக வழித்துப் போட்டான். மேலே இருந்த சுவர் அசையவில்லை. அன்று மாலைக்குள் அந்த இடத்தில் அரவை ஆலையிலிருந்து வாங்கின ஒரு பழைய ஓக்குக் கட்டை உட்கார்ந்தது.

வியாழக்கிழமை லெகட் வந்தார். தொப்பை இருந்த இடத்தில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். தூக்குக்குண்டை உச்சியிலிருந்து இறக்கினார், மூன்று இடத்தில். நூல் ஆடி அடங்கும்வரை காத்திருந்தார். முப்பதடி உயரத்துக்கு முதல் இடத்தில் கால் அங்குலம், இரண்டாவதில் கால் அங்குலம், புது உத்திரம் வைத்த இடத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. அவர் அதை இன்னொரு முறை அளந்தார். பிறகு மடியில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாதையில் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்துச் சுருட்டினார்.

"நாளைக்கு நீங்க வரவேண்டியதில்ல. நான் நீதிபதிகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். கொஞ்சம் தயங்கி, "முகப்பைத் திரும்பக் கட்டுவீங்களா? இந்தத் தடவை ஒழுங்காப் பிணைச்சுக் கட்டலாமே" என்று கேட்டார்.

"வேண்டாம். அந்தச் சிவப்புக் கல்லுல ஏமஸ் கோழிக்கூடு கட்டித் தரேன்னிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை ஜனம் பழையபடி சுவருக்கு அடியில் நடந்து தேவாலயத்துக்குப் போயிற்று. பாதிரியாரின் மனைவி மட்டும் நின்றாள். இரண்டு ஓரத்திலும், மூலையில் பிணைந்திருந்ததால் ஏமஸ் தொடாமல் விட்ட ஜோசையாவின் சிவப்பு மிச்சமிருக்க, நடுவில் கறுப்புத் திட்டும், செங்கல் வைத்து அடைத்த பழைய ஜன்னல் தழும்புமாக நின்ற வீட்டைப் பார்த்து, கையை நெஞ்சில் வைத்தாள்.

"ஐயோ பாவம் ஹெஸ்டர். முன்பல்லு எல்லாம் பிடுங்கின மாதிரி ஆயிடுச்சே."

"பல்லு இல்லாம இருந்திடலாம் மிஸஸ் ஃபென். தலை இல்லாம இருக்க முடியாதே" என்றாள் ஹெஸ்டர்.

அவள் போன பிறகு ஹெஸ்டரும் புல்வெளி எல்லைவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அசிங்கமாகத்தான் இருந்தது. யாரும் அதற்காகப் புத்தகத்தோடு வரப்போவதில்லை. பழகினால் பிடித்துப்போகும் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சிவப்பு முகத்தை அவள் நேசித்தாள், அது போய்விட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஏமஸ் கணக்குப் பார்க்கிறேன் என்ற சாக்கில் வந்திருந்தான். அவன் அடுக்களையில் தட்டு போட்டிருப்பதைப் பார்த்து, இங்கே வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். இரண்டு பேருமாக ஆட்டுக்கறியையும் ஊறுகாயையும் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோனார்கள். முட்டு வைப்பதற்காக நகர்த்திய மேசை வடக்கு ஓரமாகத் தள்ளிக் கிடந்தது; முட்டுகளை ஏமஸ் முந்தின நாளே எடுத்துவிட்டான். அதை இழுத்து வந்து தெற்கு ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள். ஏமஸ் அவளுக்கு ஜன்னல் பக்கத்து நாற்காலியை இழுத்துக் கொடுத்தான். அந்தத் தெற்குச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, ஹெஸ்டர் கறியை வெட்ட ஆரம்பித்தாள்.